கீபோர்ட் கேம்களை அனலாக் ஸ்டிக்கில் ஆட: டெட் ஸோன் முதல் மவுஸ் வேகம் வரை முழு வழிகாட்டி

கீபோர்டுக்கென்றே எழுதப்பட்ட ஒரு பிசி கேமைத் திறந்துவிட்டு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால், ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் திரையில் ஒன்றும் அசையாது. கன்ட்ரோலர் அசைவைக் கீபோர்ட் கீகளாக மாற்றும் 'மேப்பர்' மென்பொருள் ஒன்றைப் போட்டு, ஸ்டிக்கின் நான்கு திசைகளுக்கும் டபிள்யூ, ஏ, எஸ், டி கீகளைக் கொடுப்பது ஐந்து நிமிட வேலை. தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நேராக ஓட வேண்டிய ஆள் சாய்வாகப் போய்ச் சுவரில் மோதுகிறான். ஸ்டிக்கை விட்டதும் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறான். மெதுவாக நடக்க வழியே இல்லை. குறி வைக்கப் போனால் மவுஸ் எங்கோ பாய்கிறது. கன்ட்ரோலரே சரியில்லை என்று முடிவுகட்டி எடுத்து வைத்துவிடுபவர்கள் பலர். பெரும்பாலும் கன்ட்ரோலரில் குறை இருப்பதில்லை. மேப்பர் தானாகப் போட்டு வைத்திருக்கும் எண்களை யாரும் தொடாமல் விட்டதுதான் காரணம்.

அனலாக் ஸ்டிக் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, கீபோர்ட் கீ லைட் சுவிட்ச் மாதிரி. ஸ்டிக் ஒவ்வொரு அச்சிலும் (எக்ஸ் என்பது இடம்-வலம், ஒய் என்பது மேல்-கீழ்) -32768 முதல் 32767 வரை எந்த மதிப்பையும் அனுப்பும். கீ அனுப்புவது இரண்டே செய்திகள்: அழுந்தியது, விடுபட்டது. ஆக, ஸ்டிக்கைக் கீயாக மாற்றும்போது அது சொல்வதில் பெரும்பகுதியை நாம் தூக்கிப் போட்டே ஆக வேண்டும். எதைப் போடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற தேர்வுதான் இந்த செட்டிங்ஸ் எல்லாமே. அந்தத் தேர்வு கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் மாறுவதைவிட கேமுக்குக் கேம் அதிகம் மாறும். எல்லா கேமுக்கும் ஒரே புரொஃபைலை (சேமித்து வைத்த செட்டிங்ஸ் தொகுப்பை) வைத்துக்கொண்டு நன்றாக ஆட முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

படி 1: எந்த மென்பொருள்?

இந்த வழிகாட்டியில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஆன்டிமைக்ரோஎக்ஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். எண்களைக் கண்ணெதிரே காட்டுவதால் கற்றுக்கொள்ள இதுவே நல்லது. இன்னொன்று, பிசி கேம் விற்கும் ஸ்டீம் செயலிக்குள்ளேயே இருக்கும் ஸ்டீம் இன்புட். ஸ்டீமில் வாங்காத கேமையும் 'நான்-ஸ்டீம் கேம்' என்று லைப்ரரியில் சேர்த்துவிட்டால், அதற்கும் கன்ட்ரோலர் லேஅவுட் போட முடியும். ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியை வைத்திருப்பவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

ஆன்டிமைக்ரோஎக்ஸ் வைத்துப் படிகளைச் சொல்கிறேன். ஸ்டீமில் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

மென்பொருளைத் திறந்ததும் இடது ஸ்டிக்கின் படத்தில் சொடுக்கினால் ஒரு ஜன்னல் வரும். அதிலுள்ள ப்ரீசெட் பட்டியலில் 'டபிள்யூஏஎஸ்டி', 'ஆரோஸ்', 'நம்பேட்' என்று இருக்கும். உங்கள் கேமுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு கீகளும் தானாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்டிக்காகக் காட்டாமல் தனித்தனி அச்சுகளாகக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கன்ட்ரோலர் மேப்பிங்கை முதலில் முடித்து, இரண்டு அச்சுகளையும் ஒரு ஸ்டிக்காக இணைத்த பிறகே மேலே போக வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது படி 3-ல் தெரியும்.

படி 2: ஸ்டிக் ஓய்வில் என்ன சொல்கிறது?

எதையும் மாற்றும் முன் அளந்துகொள்ளுங்கள். அதே ஸ்டிக் ஜன்னலில் எக்ஸ், ஒய், டிஸ்டன்ஸ் (நடுவிலிருந்து உள்ள தூரம்) என்ற மதிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். விரலை எடுத்துவிட்டுப் பாருங்கள். பூஜ்யமாக இருக்காது. அது இயல்புதான். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். ஒரு மின்தடைப் பட்டை மீது சின்ன உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். நாளாக ஆகப் பட்டை தேய்ந்து, ஓய்வு மதிப்பு நடுவிலிருந்து விலகும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகள் காந்தப்புலத்தை வைத்து அளப்பதால் இந்த உரசல் அவற்றில் இல்லை.

மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

முதலாவது, ஓய்வு. ஸ்டிக்கை மேலே தள்ளி மெதுவாக விடுங்கள், டிஸ்டன்ஸ் எண்ணைக் குறியுங்கள். கீழே, இடம், வலம், நான்கு மூலைகள் என்று எல்லாப் பக்கமும் அப்படியே. ஸ்டிக் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. கிடைத்த எண்களில் பெரியதுதான் உங்களுக்கு வேண்டியது.

இரண்டாவது, துள்ளல். ஸ்டிக்கை வலது விளிம்பு வரை தள்ளி, பக்கவாட்டில் வழுக்கி விரலைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுக்கும் வேகத்தில், ஸ்டிக் நடுவைத் தாண்டி ஒரு கணம் இடப்பக்கம் போய்த் திரும்பும். ஸ்னாப்பேக் என்று சண்டை கேம் ஆடுபவர்கள் சொல்வது இதைத்தான். ஓடி நின்ற ஆள் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பதற்கு இதுவே காரணம். எண் ஓடும் வேகத்தில் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், ஒரு நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். வலது பக்கம் தள்ளிவிட்டு விடும்போது 'டி' எழுத்துகளுக்குக் கடைசியில் ஒரு 'ஏ' விழுந்தால், நடுவைச் சுற்றி ஸ்டிக் அசைவு கண்டுகொள்ளப்படாத பகுதியான டெட் ஸோனைத் துள்ளல் தாண்டுகிறது என்று பொருள்.

மூன்றாவது, விளிம்பு. எட்டுத் திசையிலும் முழுவதும் தள்ளி, டிஸ்டன்ஸ் எதுவரை போகிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் 32000-ஐத் தாண்டும், இன்னொரு பக்கம் 29000-லேயே நின்றுவிடும். அந்தக் குறைந்த எண் படி 5-ல் தேவைப்படும்.

படி 3: டெட் ஸோன்

டெட் ஸோன் என்றதும் டிரிஃப்ட்டை மறைக்கும் ஏற்பாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். கன்ட்ரோலரை நேரடியாக ஏற்கும் கேம்களில் அது ஓரளவு உண்மை. அங்கே டெட் ஸோனைத் தாண்டியதும் இயக்கம் மிக மெதுவாகத் தொடங்கி, தள்ளத் தள்ள வேகமெடுக்கும். கீயாக மாற்றும்போது அப்படி இல்லை. டெட் ஸோனின் எல்லையைத் தாண்டிய கணமே கீ முழுதாக அழுந்திவிடும். எனவே இங்கே டெட் ஸோன் என்பது கீ அழுந்தும் புள்ளி. மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்குபவர்கள் கீ எவ்வளவு ஆழத்தில் பதிவாகிறது என்று பார்ப்பார்களே, அதேதான்.

விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்கப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்இன்புட் முறை இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கும் டெட் ஸோன் 7849, வலதுக்கு 8689. முழு வீச்சில் சுமார் 24, 26.5 சதவீதம். ஆன்டிமைக்ரோஎக்ஸ் ஸ்டிக்குகளுக்குத் தானாகப் போடுவது 8000. நேரடி கன்ட்ரோலர் கேமுக்கு இவை போதும். கீக்கு இது குறைவு என்பது என் கருத்து. கால்வாசி தள்ளலில் கீ அழுந்தினால், விரலை ஸ்டிக் மீது சும்மா வைத்திருந்தாலே அது அழுந்தும். துள்ளலும் அந்த எல்லைக்குள் அடங்காது.

நடமாட்டத்துக்கு நான் தொடங்கச் சொல்வது 12000-13000, அதாவது 40 சதவீதத்தை ஒட்டி. அதில் வைத்து நோட்பேட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எதிர்ப்பக்க எழுத்து விழுந்தால் 1000 கூட்டுங்கள். விழாமல் போனதும் நிறுத்துங்கள். சதுரங்கக் கட்டம் போல ஒரு தள்ளலுக்கு ஒரு கட்டம் நகரும் கேம்களுக்கு 60 சதவீதம் வரை போகலாம், அதாவது 19500 சுமார். அங்கே வேகத்தைவிட, தெரியாமல் ஒரு கட்டம் நகராமல் இருப்பது முக்கியம்.

இப்போது அந்த அச்சு விஷயம். ஸ்டிக்கைச் சுற்றியிருக்கும் விளிம்பு வட்டம். சரியான வட்டம் என்றால், மூலைப்பக்கம் முழுவதும் தள்ளும்போது ஒவ்வொரு அச்சும் 32767-ஐ எட்டாது, அதில் 0.707 பங்குதான் வரும்: சுமார் 23170. இரண்டு அச்சுகளையும் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 75 சதவீத எல்லை போட்டீர்கள் என்றால், அது 24575. மூலையில் எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் இரண்டு கீயில் ஒன்றுகூட அழுந்தாது! நேராகத் தள்ளினால் வேலை செய்யும், சாய்த்தால் ஆள் நின்றுவிடுவான். ஸ்டிக்காக இணைத்துவிட்டால் மென்பொருள் இரண்டு அச்சையும் சேர்த்து நடுவிலிருந்து உள்ள தூரத்தைக் கணக்கிடும். எக்ஸ் 9500, ஒய் 9500 என்றால் தூரம் சுமார் 13435. 13000 டெட் ஸோனைத் தாண்டிவிடும், கீ அழுந்தும். எந்தத் திசையில் தள்ளினாலும் ஒரே ஆழத்தில் கீ பதிவாகும்.

படி 4: மூலைத் திசைகள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆட்டத்தின் சுகம் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

ஆன்டிமைக்ரோஎக்ஸில் 'டயகனல் ரேஞ்ச்' என்ற அளவு தானாக 45 பாகையாக இருக்கும். 360 பாகையை எட்டாகப் பிரித்தால் ஆளுக்கு 45. மேல், கீழ், இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் 45, நான்கு மூலைகளுக்கும் 45. மூலையின் பங்கை நீங்கள் குறைத்தால் நேர்த்திசையின் பங்கு அதே அளவு கூடும். மூலைக்கு 30 என்றால் நேர்த்திசைக்கு 60. கூட்டினால் அப்படியே தலைகீழ்.

கட்டைவிரல் மணிக்கட்டிலிருந்து வளைவாக நகரும் விரல். நேராக வலப்பக்கம் தள்ளுவதாக நினைத்தாலும் அது சற்று மேலோ கீழோ சாய்ந்தே போகும். சாய்வு 22.5 பாகையைத் தாண்டினால் இரண்டாவது கீயும் அழுந்திவிடும். இது எந்த கேமில் வலிக்கும், எதில் வலிக்காது என்பதை வைத்தே எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஓடும் பிளாட்ஃபார்ம் கேமில் இது நன்றாகவே வலிக்கும். 2004-ல் இலவசமாக வெளிவந்த கேவ் ஸ்டோரியை எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி கீகள், தாவ இசட், சுட எக்ஸ். மேல் அம்பைப் பிடித்துக்கொண்டு சுட்டால் குண்டு மேல்நோக்கிப் போகும். வலது பக்கம் ஓடிக்கொண்டே எதிரே வரும் எதிரியைச் சுடும்போது ஸ்டிக் சற்று மேலே சாய்ந்தால், குண்டு எதிரியின் தலைக்கு மேல் கூரையைத் துளைக்கும். இந்த மாதிரி கேமுக்கு டயகனல் ரேஞ்சை 25-30-க்கு இறக்குங்கள். ஓடிக்கொண்டே மேலே சுட வேண்டும் என்றால் விரலை நிஜமாகவே மூலைக்குக் கொண்டுபோனால் போதும், அது இன்னும் கிடைக்கும். தவறிச் சாய்வது மட்டும் கேமுக்குப் போகாது.

மேலிருந்து பார்க்கும் கேம்களில், எட்டுத் திசையிலும் சுதந்திரமாக ஓடித் தப்பிக்க வேண்டிய இடங்களில், 45-ஐத் தொடாதீர்கள். 50 வரை கூட்டினாலும் நன்றாகவே இருக்கும்.

பாக்-மேன், பாம்பு கேம் மாதிரி நான்கு திசை மட்டுமே உள்ளவற்றில் மூலையே கூடாது. ஸ்டிக் மோடில் 'ஃபோர் வே கார்டினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு திசைக்கும் முழுதாக 90 பாகை கிடைக்கும், ஒரே நேரத்தில் ஒரு கீக்கு மேல் அழுந்தாது. ஸ்டீமில் ஸ்டிக்கை 'டைரக்ஷனல் பேட்' ஆக்கி, லேஅவுட்டை 'ஃபோர் வே' என்று வைத்தால் இதேதான்.

நெட்ஹேக் மாதிரி கேம்கள் வேறு ரகம். 1987-ல் தொடங்கி இன்றும் ஆடப்படும் அந்த கேமில் எட்டுத் திசைக்கும் எட்டுத் தனிக் கீ. இடம் எச், கீழ் ஜே, மேல் கே, வலம் எல். மூலைகளுக்கு ஒய், யூ, பி, என். இங்கே மேலும் வலமும் சேர்ந்து அழுந்தினால் அது வடகிழக்கு ஆகாது, இரண்டு தனி நடைகளாகவே போகும். ஸ்டிக் மோடை 'எய்ட் வே' ஆக்கி, மூலைகளுக்கும் தனியாகக் கீ கொடுங்கள்: மேல்-இடம் ஒய், மேல்-வலம் யூ, கீழ்-இடம் பி, கீழ்-வலம் என். டயகனல் ரேஞ்ச் 45-லேயே இருக்கட்டும், எட்டும் சமமாக வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. விரல் நடுவிலிருந்து மூலைக்குப் போகும் வழியில் ஒரு நொடித்துளி நேர்த்திசையைத் தொட்டுவிட்டுப் போகலாம். ஓட்டக் கேமில் அது தெரியவே தெரியாது. முறை வைத்து ஆடும் நெட்ஹேக்கில் அது ஒரு முழு நடை, பக்கத்தில் நிற்கும் பூதத்துக்கு இலவசமாக ஓர் அடி. இதற்காகவே 'ஸ்டிக் டிலே' என்று ஒன்று இருக்கிறது. திசை மாறியதும் உடனே கீயை அழுத்தாமல் சற்றுப் பொறுத்து, ஸ்டிக் எங்கே நிலைக்கிறது என்று பார்த்து அழுத்தும். 0.03 முதல் 0.05 விநாடி போதும். வேகமான கேம்களில் இதை வைக்கவே வைக்காதீர்கள், கை பின்தங்கும்.

படி 5: நடையும் ஓட்டமும்

இதுவரை அனலாக் தகவல் எல்லாவற்றையும் எறிந்துவிட்டோம். அதில் கொஞ்சத்தை மீட்க ஒரு வழி, ஸ்டிக்கைப் பாதி தள்ளினால் நடை, விளிம்புவரை தள்ளினால் ஓட்டம்.

பல கேம்களில் ஷிஃப்ட் பிடித்தால் ஓட்டம். ஆன்டிமைக்ரோஎக்ஸில் ஸ்டிக் ஜன்னலில் 'மாடிஃபயர்' என்று ஒரு பட்டன் உண்டு. எந்தத் திசையில் தள்ளினாலும் அதுவும் சேர்ந்து இயங்கும். அதன் அட்வான்ஸ்டு பகுதியில் முதலில் 'டிஸ்டன்ஸ்' 75 சதவீதம், அடுத்து ஷிஃப்ட் என்று வரிசையாகப் போடுங்கள். நான்கு திசைக்கும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை.

அந்த 75 சதவீதம் முழு வீச்சில் அளக்கப்படுவதில்லை. டெட் ஸோனுக்கும் மேக்ஸ் ஸோனுக்கும் (முழுத் தள்ளல் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும் எல்லை) இடைப்பட்ட தூரத்தில் அளக்கப்படுகிறது. டெட் ஸோன் 12000, மேக்ஸ் ஸோன் 32000 என்றால், ஓட்டம் தொடங்கும் புள்ளி 12000 + 15000 = 27000. நடைக்கு 12000 முதல் 27000 வரை தாராளமான இடம். ஆனால் விளிம்புச் சோதனையில் ஒரு பக்கம் 29000-தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டிஸ்டன்ஸை 90 ஆக்கினால் புள்ளி 30000-க்குப் போய்விடும், அந்தப் பக்கம் ஆள் ஓடவே மாட்டான். மேக்ஸ் ஸோனை உங்கள் ஸ்டிக்கின் மிகக் குறைந்த விளிம்பு எண்ணுக்குச் சற்றுக் கீழே, இங்கே 28500-க்கு இறக்கிவிடுங்கள். வெறும் கீயாக மட்டும் பயன்படுத்தும்போது மேக்ஸ் ஸோனால் ஒரு மாற்றமும் இல்லை. டிஸ்டன்ஸ் வைக்கும்போதும் மவுஸாக மாற்றும்போதும் மட்டுமே அது பேசும்.

ஸ்டீமில் இதன் பெயர் 'அவுட்டர் ரிங்' கட்டளை. ஆரத்தை நீங்களே வைக்கலாம். சில கேம்களில் ஓட்டம்தான் இயல்பு, நடக்கத்தான் ஒரு கீயைப் பிடிக்க வேண்டும். அங்கே அவுட்டர் ரிங்கைத் தலைகீழாக்கும் விருப்பத்தை வைத்து, உள்வட்டத்தில் நடைக் கீ அழுந்தும்படி செய்துகொள்ளலாம்.

படி 6: கார் ஓட்டும் கேம்களுக்குத் துடிப்பு

கீபோர்டில் கார் ஓட்டுபவர்கள் இடது அம்பைத் தட்டித் தட்டி வளைவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டீம் இன்புட்டில் டைரக்ஷனல் பேட் லேஅவுட்டை 'அனலாக் எமுலேஷன்' என்று வைத்தால் அதே வேலையை மென்பொருள் செய்யும். ஸ்டிக்கைக் கொஞ்சம் தள்ளினால் கீ விட்டு விட்டு அழுந்தும், அதிகம் தள்ளினால் நீண்ட நேரம் அழுந்தும்.

துடிப்பின் நீளத்தை மிகவும் குறைத்துவிடாதீர்கள். கேம் கீயைப் பார்ப்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறைதான் என்று வைத்துக்கொண்டால், 60 ஃபிரேமில் அது 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை, 30 ஃபிரேமில் 33 மில்லி விநாடிக்கு ஒருமுறை. 10 மில்லி விநாடித் துடிப்பு இரண்டு பார்வைகளுக்கு நடுவில் வந்து போய்விடும், கார் சில சமயம் வளையும், சில சமயம் வளையாது. குறைந்தது ஒரு ஃபிரேமைவிடச் சற்று நீளமாக வையுங்கள்.

படி 7: வலது ஸ்டிக்கை மவுஸாக்குதல்

இடது ஸ்டிக்குக்குச் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். மவுஸ் இயக்கம் அனலாக், எறிவதற்கு ஒன்றுமில்லை. எனவே டெட் ஸோன் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஓய்வுச் சோதனையில் பெரிய எண் 1800 வந்தால் 2500 வையுங்கள். தானாக வரும் 8000-த்தை அப்படியே விட்டால், நுட்பமாகக் குறி வைக்க வேண்டிய கால்வாசி வீச்சு செத்துக் கிடக்கும்.

அடுத்து வளைவு. 'லீனியர்' என்றால் பாதி தள்ளலுக்குப் பாதி வேகம். 'குவாட்ராடிக்' என்றால் பாதி தள்ளலுக்குக் கால் வேகம். 'கியூபிக்' என்றால் எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். துப்பாக்கிக் கேம்களுக்கு நான் முதலில் குவாட்ராடிக்கைப் போடச் சொல்வேன். நடுவில் மெதுவாக நகர்ந்து குறி பிடிக்கும், விளிம்பில் வேகமாகத் திரும்பும். கியூபிக்கில் நடுப்பகுதி மந்தமாகிவிடுவதால் ஓடும் எதிரியைப் பின்தொடர்வது சிரமம்.

வேகத்தை ஆன்டிமைக்ரோஎக்ஸ் 50 என்று தொடங்கும். ஒரு அலகுக்கு விநாடிக்கு 20 பிக்ஸல், ஆக முழுத் தள்ளலில் விநாடிக்கு 1000 பிக்ஸல். 1920 அகலத் திரையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு விநாடி. கேமுக்குள் இருக்கும் சென்சிடிவிட்டியைக் கூட்டி இந்த வேகத்தைக் குறைக்கலாமா என்றால், வேண்டாம். சென்சிடிவிட்டி அதிகமானால் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் பார்வை பெரிய கோணத்தில் தாவும், மெதுவாகத் தள்ளும்போது படம் துண்டு துண்டாக நகரும். கேமில் சென்சிடிவிட்டியைக் குறைத்து, மேப்பரில் வேகத்தைக் கூட்டுங்கள். இயக்கம் வழவழவென்று வரும். செங்குத்து வேகத்தைக் கிடைமட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காக வைத்தால் குறி மேலும் கீழும் ஆடாது. விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரெசிஷன்' என்பதை அணைத்துவிடுங்கள். அது போடும் இன்னொரு வளைவு உங்கள் வளைவுடன் மோதும்.

மேலிருந்து பார்க்கும் சுடும் கேம்களில், ஆள் கர்சர் இருக்கும் திசையைப் பார்த்துச் சுடுவான். அங்கே மவுஸ் மோடை 'ஸ்பிரிங்' ஆக்குங்கள். ஸ்டிக் எந்தத் திசையோ கர்சரும் நடுவிலிருந்து அந்தத் திசை, விட்டால் நடுவுக்கே வந்துவிடும். ஸ்டீமில் 'மவுஸ் ரீஜன்' இதே வேலையைச் செய்யும்.

முழு உதாரணம்: 1993-ன் டூம்

சேர்த்துப் பார்க்க, பழைய டாஸ் கேம்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் அசல் டூம் என்ற துப்பாக்கிக் கேமை எடுத்துக்கொள்வோம். இதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1997-ல் இதன் மூல நிரலை வெளியிட்டதால், ஒரு கீயை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது எண்களோடு தெரியும். கேம் விநாடிக்கு 35 டிக் (தன் கணக்கைப் புதுப்பிக்கும் ஒரு சுற்று) ஓடுகிறது. முன்னோக்கி நடை 25, ஷிஃப்டோடு ஓட்டம் 50. பக்கவாட்டு நடை 24, ஓட்டம் 40.

இடது ஸ்டிக்கின் மேல்-கீழுக்கு மேல், கீழ் அம்புகள். இடம்-வலத்துக்குப் பக்கவாட்டு நகர்வான காற்புள்ளி, முற்றுப்புள்ளிக் கீகள். ஓடிக்கொண்டே மூலையில் போனால் 50-ம் 40-ம் சேர்ந்து வேகம் சுமார் 64, நேர் ஓட்டத்தைவிட 28 சதவீதம் அதிகம். இங்கே மூலை நமக்கு லாபம். டயகனல் ரேஞ்சை 50-55 வையுங்கள். அதற்கு மேல் போனால் குறுகலான நடைபாதைகளில் நேராகப் போவது கடினம்.

திரும்புவதற்கு வலது ஸ்டிக்கில் இடது-வலது அம்புகளைக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அம்பை அழுத்திய முதல் ஆறு டிக் அளவுக்கு, அதாவது சுமார் 0.17 விநாடிக்கு, டூம் மெதுவாகவே திருப்பும்: ஒரு டிக்குக்கு ஏறத்தாழ 1.76 பாகை. அதன் பிறகு 3.5 பாகை, ஷிஃப்டும் அழுந்தியிருந்தால் 7 பாகை. இதில் இரண்டு பொறிகள். துடிப்பு முறையில் திருப்பினால் ஒவ்வொரு முறை கீ விடுபடும்போதும் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும், ஆள் மெதுவான வேகத்தைத் தாண்டவே மாட்டான். அதோடு இடது ஸ்டிக்கின் விளிம்பில் ஷிஃப்டை வைத்திருப்பதால், ஓடத் தொடங்கியதும் திரும்பும் வேகமும் இரட்டிப்பாகும். நடக்கும்போது பழகிய கை, ஓடும்போது தவறும்.

எனவே வலது ஸ்டிக்கை மவுஸாக்குங்கள். மவுஸ் திருப்பத்தை ஷிஃப்ட் தொடாது. ஆனால் அசல் டூமில் மவுஸை மேலே தள்ளினால் பார்வை உயராது, ஆள் முன்னால் நடப்பான். வலது ஸ்டிக்கின் மேல், கீழ் திசைகளுக்கு எதையுமே கொடுக்காமல் காலியாக விடுங்கள். இடம், வலம் மட்டும் மவுஸ். சுட கண்ட்ரோல் கீயை வலது டிரிக்கருக்கும், கதவு திறக்க ஸ்பேஸை ஒரு பட்டனுக்கும் கொடுத்தால் கேம் தயார்.

வேலை செய்யவில்லை என்றால்

கீ எதுவும் கேமுக்குப் போகவில்லை, நோட்பேடில் மட்டும் விழுகிறது என்றால், கேம் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ், குறைந்த அனுமதியுள்ள நிரல் அதிக அனுமதியுள்ள நிரலுக்குக் கீ அனுப்புவதைத் தடுக்கும். மேப்பரையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள்.

ஒரு தள்ளலுக்கு இரண்டு முறை நகர்ந்தால், கேம் கன்ட்ரோலரையும் நேரடியாகப் பார்க்கிறது. கேம் செட்டிங்ஸில் கன்ட்ரோலரை அணைக்க வழியிருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் ஹிட்ஹைட் என்ற கருவி கன்ட்ரோலரை அந்த கேமிடமிருந்து மறைத்துவிடும். பின்னணியில் ஸ்டீம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் டெஸ்க்டாப் லேஅவுட்டும் இதே கோளாறைக் கொடுக்கும். ஆன்டிமைக்ரோஎக்ஸோடு ஆடும்போது ஸ்டீமை மூடிவிடுவது நல்லது.

லினக்ஸில் வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பில், கீ அனுப்பும் எக்ஸ்டெஸ்ட் முறை எடுபடாவிட்டால் செட்டிங்ஸில் யூஇன்புட் என்ற இன்னொரு முறைக்கு மாற்றுங்கள். அதற்கு யூஇன்புட் சாதனத்தில் எழுதும் அனுமதி தேவை. ஆன்டிமைக்ரோஎக்ஸோடு வரும், அந்த அனுமதியைக் கொடுக்கும் யூடெவ் விதிக் கோப்பை நிறுவிவிட்டு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் சரியாகும்.

ஆன்லைனில் மற்றவர்களோடு போட்டியிடும் கேம்களில் மேப்பர் போடும் முன் அந்த கேமின் விதிமுறைகளைப் படித்துவிடுங்கள். வெளி மென்பொருள் வழியாகக் கீ அனுப்புவதை ஏற்காத கேம்கள் உண்டு, கணக்கே முடங்கலாம்.

எல்லாம் சரியாக அமைந்ததும் புரொஃபைலை கேமின் பெயரிலேயே சேமியுங்கள். ஆன்டிமைக்ரோஎக்ஸின் 'ஆட்டோ புரொஃபைல்' பகுதியில் கேமின் நிரல் கோப்பையும் இந்த புரொஃபைலையும் இணைத்துவிட்டால், டூமைத் திறந்தால் டூமின் எண்களும், நெட்ஹேக்கைத் திறந்தால் அதன் எண்களும் தானாக வந்து உட்காரும். ஸ்டிக் தேயத் தேய ஓய்வு எண் மாறும் என்பதால், ஆள் தானாக நகரத் தொடங்கும் அன்றைக்கு இரண்டாவது படியை மட்டும் திரும்பச் செய்து, டெட் ஸோனை அதற்கேற்ப உயர்த்துங்கள்.